மூன்று வயதில் ஒன்றாம் வகுப்பு

எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் படித்த எல்லோரும் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். அப்பா ஜூன் மூன்றாம் தேதி, அவருடைய தம்பி அதே வருடம் ஜூன் ஐந்தாம் தேதி. பதிவேட்டை நம்பினால் அவர்களைப் பெற்றவள் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை பிரசவித்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் ஜூன். சேர்க்கிற பிள்ளைக்கு அன்றைக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். பிறந்த தேதி கேட்டால் வீட்டுக்காரர்கள், அடைமழையில் பிறந்தான், ஏரி உடைந்த வருடம் பிறந்தாள் என்பார்கள். வாத்தியார் மழையையும் ஏரியையும் தள்ளிவிட்டு ஒரு ஜூன் தேதியை எழுதிக்கொள்வார். இதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்றுதான் ஊரில் நினைத்திருந்தோம்.

என் காலத்துக்குள் ஆஸ்பத்திரியிலேயே பிறப்புச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனாலும் பழக்கம் விடுமா. என் தங்கச்சி ஸ்ரீபெரும்புதூர் அரசு ஆஸ்பத்திரியில், ஒரு ஆகஸ்ட் மாதத்தில், முத்திரை குத்திய சான்றிதழோடு பிறந்தவள். அவளையும் கொண்டுபோய் ஜூனில் பிறக்க வைத்தோம். நாங்கள் செய்த பாவம் அதுதான் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதில் என் பங்கு எவ்வளவு என்பது அந்த ஒரு வரியில் வராது.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு மூன்று. அம்மா வல்லம் வடகால் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள், காண்ட்ராக்டில். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ் விடியும் முன்பே வந்து ஹாரன் அடிக்கும். அப்பா ஒரு கிடங்கில் நைட் செக்யூரிட்டி. அம்மா போன பிறகு அவர் வருவார், பழையதைக் கரைத்துக் குடிப்பார், படுத்துவிடுவார். நானும் பள்ளிக்கூடம் போய்விட்டால் வீட்டில் விழித்திருக்கிற ஒரே ஆள் மூன்று வயதுத் தங்கச்சிதான்.

ஒரு நாள் காலை அவள் அப்பாவுடைய செக்யூரிட்டி விசிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். கன்டெய்னர் லாரிகள் எஸ்டேட்டுக்குள் திரும்புகிற இடத்தில், ரோட்டுக்கு நடுவே நின்று விசில் ஊதியிருக்கிறாள். ஒரு டிரைலர் நிஜமாகவே நின்றுவிட்டதாம். டீக்கடைக்காரர் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவைத் தட்டி எழுப்பியபோது, அவர் பதறி எழுந்து, அடுத்த ஷிஃப்ட் ரிலீவர் வந்துட்டானா என்று கேட்டாராம். ராத்திரி முழுக்க ஒரு கிடங்கைக் காவல் காக்கிற மனிதருக்குப் பகலில் ஒரு குழந்தையைக் காவல் காக்க முடியவில்லை. ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் முழுக்கத் தங்கச்சியை இடுப்பை விட்டு இறக்காமலே சமைத்தாள்.

அங்கன்வாடி இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. அது பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கிருந்த டீச்சருக்கு இரண்டு ஊர் பொறுப்பு. எங்கள் ஊரில் எந்த நாள் திறக்கும் என்பது அவருக்கே முந்தின நாள்தான் தெரியும். கம்பெனி ஷிஃப்டுக்கும் அந்தக் கதவுக்கும் ஒத்துப்போகவே இல்லை.

"நாளையிலேர்ந்து இவள உன்கூட இஸ்துகினு போ. உம்பக்கத்துலயே குந்த வெச்சிக்கோ. டீச்சர் கேட்டா அம்மா சொல்லுச்சின்னு சொல்லு" என்றாள் அம்மா.

டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் அவர் இல்லை. இரண்டு அறை, இரண்டு டீச்சர் உள்ள பள்ளி எங்களுடையது. வசதி கொஞ்சம் ஏறியவர்கள் எல்லாம் பிள்ளைகளை மெட்ரிகுலேஷன் பள்ளி வேனில் ஏற்றிவிட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களைக் கிரிக்கெட் ஆட இரண்டு டீமாகப் பிரிக்கலாம், அவ்வளவுதான். பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடிப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. பக்கத்து ஊர் என்றால் ரோட்டைத் தாண்ட வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து பஸ் மாறி மாறி வருகிற பெரிய டீச்சருக்கு அந்தக் கவலை எப்போதும் இருந்தது. காலையில் வந்ததும் முதல் வேலையாக எங்கள் தலைகளை எண்ணுவார். என் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்திருந்த தங்கச்சியின் தலையையும் சேர்த்து எண்ணிவிட்டு, பிறகு கழித்துக்கொள்வார்.

விஜயதசமி வந்தது. அன்றைக்குப் பிள்ளைகளைப் படிப்பில் சேர்ப்பது நம் வழக்கம். மெட்ரிகுலேஷன் பள்ளி வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். எங்கள் பெரிய டீச்சரும் தட்டில் கற்கண்டும் பூவும் வைத்துக்கொண்டு, எங்கள் கையில் 'அரசுப் பள்ளியில் சேருங்கள்' என்று எழுதிய அட்டைகளைக் கொடுத்து, தெருத்தெருவாகக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு வாசலிலும் கற்கண்டை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளையைக் கொடுக்க ஒருவரும் இல்லை. கடைசியாக எங்கள் வீட்டு வாசலில் நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த தங்கச்சியை மேலும் கீழும் பார்த்தார். அப்பாவைப் போல அவள் கொஞ்சம் வளர்த்தியான ஆள்.

அம்மாவிடம் டீச்சர் சொன்னது எல்லாமே நல்ல வார்த்தைதான். இத்தனை நாள் அவள் என் தட்டில்தான் சத்துணவு சாப்பிடுகிறாள். பதிவேட்டில் பெயர் இருந்தால் அவளுக்கென்று ஒரு தட்டு, ஒரு முட்டை, யூனிஃபார்ம், நோட்டு எல்லாம் வரும். ஒன்றாம் வகுப்பிலேயே இரண்டு வருடம் உட்கார வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் அவசரமில்லை. சான்றிதழ்கூட வேண்டாம், ஐந்து வயது முடிந்தது என்று அம்மா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். அம்மா ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். முட்டை என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் இல்லை. ஆனாலும் அம்மாவைப் பொறுத்தவரை அது முட்டைக்குப் போட்ட கையெழுத்துதான். பெரிய டீச்சர் ஜூன் ஒன்றாம் தேதி என்று எழுதி, தங்கச்சி வாயில் ஒரு கற்கண்டைப் போட்டார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். மூன்றில் பிடித்து வளைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழமொழி எதுவும் சொல்லி வைக்கவில்லை.

அவளை ஐந்து வயதுக்காரியாக்குகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். யாராவது அதிகாரி வந்து கேட்டால் சொல்ல வேண்டுமே என்று டீச்சர் கவலைப்பட்டார். வயசு என்ன என்று கேட்டால் ஐந்து விரலையும் விரித்து "அஞ்சு" என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பழக்கினேன். பத்து நாளில் பழகிவிட்டாள். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது கடைசிப் பெயர் அவளுடையது. தன் முறை வரும்வரை பொறுக்க மாட்டாள். யார் பெயரைக் கூப்பிட்டாலும் "உள்ளேன் டீச்சர்" என்று கத்துவாள். பிறகு பதினோரு மணிக்கெல்லாம் சாக்கில் சுருண்டு தூங்கிவிடுவாள். ஆனா, ஆவன்னா முழுக்கச் சொல்வாள். எந்த எழுத்தைக் காட்டினாலும் ஆனா என்பாள். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்காது. என் வாழ்நாளில் நான் உருவாக்கிய முதல் ஆள் அவள்.

அந்த வருடம் முடிகிற சமயத்தில்தான் அம்மா ஒரு செய்தியோடு ஷிஃப்ட் முடிந்து வந்தாள். கம்பெனியில் கூட வேலை பார்க்கும் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேரும்போது ஏழைப் பிள்ளைகளுக்குக் கால் பங்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. எட்டாவது வரை அரசாங்கமே பணம் கட்டும். ஆனால் எல்.கே.ஜி.யில் நுழையும்போது மட்டும்தான். மூன்று முடிந்து நான்கு முடியாத பிள்ளையாக இருக்க வேண்டும். அந்த வயதைத் தாண்டிவிட்டால் கதவு மூடிவிடும்.

அம்மா கம்பெனியைப் பற்றி வீட்டில் அதிகம் பேச மாட்டாள். அன்றைக்குப் பேசினாள். அங்கே நிரந்தர வேலைக்காரர்கள் கழுத்தில் அடையாள அட்டைக்கு நீலக் கயிறு, காண்ட்ராக்ட் ஆட்களுக்கு மஞ்சள். நீலக் கயிறுக்காரர்கள் சாப்பிடுகிற ஹாலில் டேபிள் துடைப்பது அம்மா. அந்த நாற்காலியில் உட்காருவது வேறு ஆட்கள்.

"இவ ஒரு நாளு நீலக் கயிறு போட்டுகினு அந்த ஹால்ல குந்தி சாப்புடணும். நான் தொடைச்ச டேபிள்லயே சாப்புடணும்" என்று தங்கச்சியின் தலையை வாரிக்கொண்டே சொன்னாள். பிறகு என் நினைவு வந்தவளாகத் திரும்பி, "உனக்குத்தான் இல்லாம பூட்ச்சு. நீ மூணு வயசுல கீறப்போ இந்தச் சட்டமே கெடையாதுடி" என்றாள். எனக்கு வருத்தமே வரவில்லை என்பது இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. வருத்தப்படுவதற்கு அதில் எனக்கும் ஏதோ இருந்தது என்பதே அப்போது தெரியாது.

அம்மா அதற்காக அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு லீவு, ஒவ்வொரு லீவுக்கும் சூப்பர்வைசரிடம் ஒரு ஏச்சு. பெட்டியின் அடியிலிருந்து தங்கச்சியின் அசல் பிறப்புச் சான்றிதழை எடுத்து, பாலிதீன் கவரில் போட்டு, இடுப்பில் சொருகிக்கொண்டு போனாள். விண்ணப்பம் எழுதிக் கொடுத்த கடைக்காரர், குழந்தை இப்போது எங்கேயாவது படிக்கிறதா என்று கேட்டிருக்கிறார். சோத்துக்குப் பேர் எழுதியிருக்கு, படிக்கவெல்லாம் இல்லை என்றாளாம் அம்மா. அவர் 'இல்லை' என்று எழுதிவிட்டு, அதைப் பற்றி வெளியே பேச்சே எடுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மெட்ரிகுலேஷன் பள்ளியின் பெரிய ஹாலில் குலுக்கல் நடந்தது. ஒரு கண்ணாடி ஜாடியில் பெயர்களை மடித்துப் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எங்களைப் போல வந்திருந்தவர்கள் ஹால் நிறைய இருந்தார்கள். ஒவ்வொரு பெயர் வரும்போதும் ஒரு மூலையில் ஒரு சத்தம், மற்ற இடமெல்லாம் ஒரு பெருமூச்சு. முடிகிற கட்டத்தில் தங்கச்சியின் பெயரைப் படித்தார்கள். அம்மா கத்தவில்லை, கை தட்டவில்லை. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். வருகிற வழியில் பட்டை வைத்த ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே தங்கச்சி தூங்கினாள்.

இனி ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் அசல் சான்றிதழ்களைக் காட்டி, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். ஆண்டு விடுமுறைக்குச் சில நாள் இருக்கும்போது கூப்பிட்டார்கள். முந்தின நாள் அம்மா தங்கச்சியை மடியில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்: யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது, அம்மா பேசிக்கொள்வேன். தங்கச்சி தலையை ஆட்டினாள். என்னிடம் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இந்த விவரம்கூடவா தெரியாது என்று நம்பியிருப்பாள்.

ஏசி போட்ட அந்த அறையில் ஒரு மிஸ் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேஜையில் ஃபைல்களோடு ஒரு கிளார்க். மிஸ் நல்ல மாதிரி, சிரித்த முகம். சான்றிதழ்களை எல்லாம் பார்த்துவிட்டுத் தங்கச்சியை அருகில் அழைத்து, பெயர் என்ன என்று கேட்டார். தங்கச்சி உதடுகளை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். வயசு என்ன? அதற்கும் பதில் இல்லை. வீட்டில் யார் யார் இருக்காங்க? வாயைத் திறக்கவே இல்லை. மிஸ் கிளார்க்கிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு ஒரு தாளில் குறித்தார். பிறகு அம்மாவிடம், குழந்தைக்குப் பேச்சு வருமா, டாக்டரிடம் காட்டியிருக்கிறீர்களா என்று கேட்டார்.

"பேசும் மேடம். புது எடம், பயந்துகினு கீது" என்றாள் அம்மா.

மிஸ் நம்பின மாதிரி எனக்குத் தெரியவில்லை. குறித்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊமை என்று நினைத்து இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன். நான் உருவாக்கிய ஆளைப் பார்த்து ஊமை என்பதா. அம்மா ஏன் சும்மா நிற்கிறாள் என்று எனக்கு அம்மா மேல்கூடக் கோபம். தங்கச்சியைக் காப்பாற்ற நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று நினைத்தேன்.

"நல்லா பேசுவா மிஸ். எங்க ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறா. அட்டெண்டன்ஸ்ல பேர்லாம் கீது" என்றேன். தங்கச்சியிடம் திரும்பி, "சொல்லுடி, மிஸ்ஸுக்கு சொல்லிக் காட்டு" என்றேன்.

அம்மாவின் விரல்கள் என் தோளை இறுக்கின. பாராட்டுகிறாள் என்று நினைத்தேன். தங்கச்சி என் குரலைக் கேட்டதும் உயிர் வந்தவள் போல கையைக் கட்டிக்கொண்டு, "உள்ளேன் டீச்சர்" என்று அந்த அறை அதிரச் சொன்னாள். ஆனா, ஆவன்னா சொன்னாள். அணில் பாட்டுப் பாடினாள். மிஸ் வாய்விட்டுச் சிரித்து, இவ்வளவு நல்லாப் பேசறியே, வயசு என்னடா குட்டி என்று கேட்டார். தங்கச்சி ஐந்து விரலையும் விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "அஞ்சு" என்றாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தன்னைத்தான் கெடுத்துக்கொள்கிறது.

கிளார்க் பேனாவை மூடி வைத்தார். எந்த ஸ்கூல் என்று கேட்டார். சும்மா அக்காகூடப் போய் உட்கார்ந்துவிட்டு வரும் என்றாள் அம்மா. நான் பள்ளியின் பெயரைச் சொன்னேன். பெரிய டீச்சரின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். கிளார்க் எங்கேயோ போன் செய்து நம்பர் வாங்கி, பெரிய டீச்சரிடமே பேசினார். அங்கே டீச்சருக்கு விஷயம் என்ன தெரியும்? ஆமாம், ஒன்றாம் வகுப்பில் இருக்கிறாள், ஐந்து வயது முடிந்தது என்று அவள் அம்மாவே கையெழுத்துப் போட்டிருக்கிறாள், கம்ப்யூட்டரிலும் ஏற்றியாகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார்.

"அங்க அஞ்சு வயசுன்னு கையெழுத்து போட்டிருக்க. இங்க மூணு வயசுன்னு கையெழுத்து போட்டிருக்க. ரெண்டும் உன் கையெழுத்துதான். எது பொய்யின்னு நீயே சொல்லும்மா" என்றார் கிளார்க். அவர் கத்தவில்லை. ஏற்கனவே ஒரு அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு இந்த இடத்தைக் கொடுத்தால் பள்ளிக்குத்தான் பிரச்சினை, பொய்த் தாள் கொடுத்தால் கேஸ்கூட ஆகும் என்றார். அம்மா அந்தக் கேஸ் என்ற சொல்லைக் கேட்டதும் மேஜை மேலிருந்த சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். மிஸ்தான் பாவப்பட்டு, இந்தக் குழந்தையை எங்கள் பள்ளியில் சேர்க்கவே இல்லை என்று அந்த டீச்சர் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம், நாளை சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது என்றார்.

நாங்கள் நேராக எங்கள் பள்ளிக்குப் போனோம். பெரிய டீச்சர் முழுக்கக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் உட்காருகிற குட்டை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் பொய்யா பேர் எழுதினேன்னு நானே எழுதிக் கொடுக்கிறதும்மா அது. என் வேலை போயிடும். அது போனாக்கூடப் போகட்டும், இந்தப் பிள்ளைய கழிச்சா ஸ்கூலையே மூடிடுவாங்க. மத்த பசங்க எங்க போவாங்க?" என்றார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். வேண்டுமானால் மாற்றுச் சான்றிதழ் தருகிறேன் என்றார். அதை வைத்து வேறு பள்ளியில் ஒன்றாம் வகுப்புதான் சேரலாம். இலவச இடம் எல்.கே.ஜி.க்கு மட்டும்தான்.

அம்மா காலில் விழுவாள், இல்லை சண்டை போடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். கம்பெனி பஸ் ஒரு நிமிடம் முந்திக் கிளம்பினால்கூட டிரைவரைப் பிடித்து உலுக்குகிறவள் அவள். அன்று "நீங்க இன்னா பண்ணுவீங்க டீச்சர்" என்று சொல்லி எழுந்துகொண்டாள். இவ்வளவு வருடம் கழித்து யார்மேல் கோபப்படலாம் என்று நான் தேடிப் பார்த்திருக்கிறேன். கிளார்க் தன் வேலையைப் பார்த்தார். டீச்சர் எங்கள் நல்லதுக்குத்தான் எழுதினார். சட்டம் போட்டவர்கள் எங்களுக்காகத்தான் போட்டார்கள். எல்லோரும் நல்லவர்களாக இருந்துவிட்டால் பழியைக் கொண்டுபோய் யார் தலையில் இறக்குவது என்று தெரியவில்லை. கடைசியில் அது வந்து நிற்பது அந்த ஏசி அறையில் வாயைத் திறந்த ஒன்பது வயதுக்காரியிடம்தான்.

வீட்டுக்குப் போனதும் அடி விழும் என்று தயாராக இருந்தேன். என்ன தப்பு என்று சரியாகத் தெரியாவிட்டாலும், தப்பு என்னுடையது என்று தெரிந்திருந்தது. அம்மா இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். நான் சாப்பிடாமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"துன்னு. உன்ன எதுக்குடி அடிக்கணும். நெசத்ததான சொன்ன" என்றாள்.

பிறகு பாத்திரம் துலக்கப் பின்பக்கம் போனவள் வெகு நேரம் வரவில்லை. அப்பா டியூட்டிக்குக் கிளம்பும்போது விஷயத்தைக் கேட்டுவிட்டு, பூட்சின்னா போவுது, அடுத்த வருசம் பாத்துக்கலாம் என்றார். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும் என்பதை அம்மா அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை.

அந்த அசல் பிறப்புச் சான்றிதழை அம்மா அதன் பிறகு யார் கண்ணிலும் காட்டவில்லை. கேஸ் பயம். வெளியே மட்டுமல்ல, வீட்டிலும் தங்கச்சியின் வயதைப் பற்றிப் பேச்சு எடுக்க விட மாட்டாள். ஆதார் அட்டைகூடப் பள்ளிக்கூடத்துத் தேதியில்தான் எடுத்தோம். ஒன்றாம் வகுப்பிலேயே இரண்டு வருடம் வைத்துக்கொள்வதாகச் சொன்ன டீச்சரும் பயந்துவிட்டார். எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்பதும் ஒரு சட்டம். அதுவும் ஏழைப் பிள்ளைகளின் நன்மைக்குத்தான். அதன்படி தங்கச்சி வருடா வருடம் மேலே ஏறிக்கொண்டே போனாள். நாலாவதில் அவளுக்கு வாசிக்க வரவில்லை. ஆறாவதில் கழித்தல் கணக்கு வரவில்லை. கூடப் படித்தவர்கள் எல்லோரும் அவளைவிட இரண்டு வயது பெரியவர்கள் என்பதை நினைத்துப் பார்க்க ஒருவரும் இல்லை. மந்தம் என்றார்கள் பள்ளியில். நான் மக்கு என்பேன். வீட்டிலேயே நாங்கள் மறந்துபோனோம். ஜூன் ஒன்றாம் தேதி சாக்லேட் வாங்கிக் கொடுத்துக் கொடுத்து, அதுதான் அவள் பிறந்தநாள் என்று நாங்களே நம்ப ஆரம்பித்துவிட்டோம். பத்தாவதில் மூன்று பாடத்தில் போனாள். திரும்ப எழுதச் சொன்னோம். எனக்கு மண்டையில ஏறாதுக்கா, நான் அப்டித்தான் பொறந்துட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் அப்படிப் பிறக்கவில்லை என்று தெரிந்தவர்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். அந்த மூன்று பேரும் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தோம்.

போன வருடம் அம்மாவுக்கு முழங்கால் விட்டுப்போனது. குனிந்து தரை துடைக்க முடியாதவளை ஹவுஸ்கீப்பிங்கில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நான் ஒரு கேபிள் கம்பெனியில் காண்ட்ராக்டரின் ஆளாக லைனில் நிற்கிறேன். அதே காண்ட்ராக்டரிடம் பேக்கிங்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து, தங்கச்சியை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பதினெட்டு முடிந்துவிட்டதா என்று காண்ட்ராக்டர் கேட்டார். ஆதாரைக் காட்டினேன். அவளுக்கு நிஜமான பதினாறு முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவர் அட்டையைப் பார்த்துவிட்டு அவள் முகத்தையும் ஒரு முறை பார்த்தார். முகத்தைப் பார்த்தால் குழந்தையாத் தெரியுதே என்றார். இந்த முறை நான் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவளுக்கு அடையாள அட்டையோடு மஞ்சள் கயிறு கொடுத்தார்கள். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, கால் வலிக்குதுக்கா என்று என் மடியில் காலை நீட்டிப் படுக்கிறாள். பிடித்துவிடுகிறேன். சொல்லிவிடலாமா என்று தினமும் நினைக்கிறேன். சொல்லி என்ன ஆகப் போகிறது? அந்த இரண்டு வருடத்தைத் திரும்ப வாங்கிக் கொடுக்கிற ஆபீஸ் எந்தத் தாலுகாவிலும் இல்லை.

இதில் எதுவுமே எனக்கு இலவச இடம் கைவிட்டுப் போன அந்த வருட ஜூன் மாதத்தில் தெரியாது. விடுமுறை முழுக்க அம்மா சரியாகப் பேசாதது மட்டும்தான் எனக்குக் குறை. பள்ளி திறந்த அன்று காலையில் அதுவும் மறந்துவிட்டது. எனக்கு ஐந்தாம் வகுப்பு, தங்கச்சிக்கு இரண்டாம் வகுப்பு. அவளுக்கு நான்கு வயது முடிய இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. வேன் பள்ளிக்கூடம் அவளைக் கொண்டுபோகாமல் எனக்கே விட்டுவிட்டதில், அம்மாவுக்குத் தெரியாமல், உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். புது யூனிஃபார்ம் முழங்காலுக்குக் கீழே தடுக்க, அவள் பாதி வழியிலேயே உட்கார்ந்துகொண்டு தூக்கு என்று கையை நீட்டினாள். "எந்திரிடி, ரெண்டாங்கிளாஸ் பொண்ண யாராவது தூக்குவாங்களா" என்று சொல்லி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.